தந்தை மானின் தடத்தில் கன்று: இரண்டையும் ஒரே காட்சியில் நடக்க வைப்பது எப்படி?

1942-இல் வந்த 'பேம்பி' படத்தில் பனிக்காலத்தில் தாய் மான் சுடப்பட்டு இறக்கிறது. கன்றைத் தந்தை அழைத்துப் போகிறார். அடுத்த காட்சியில் வசந்தம் வந்துவிடுகிறது, கன்று இளம் ஆண்மானாக வளர்ந்து நிற்கிறது. இடையில் இருந்த நாட்களை, அதாவது மனம்விட்டுப் பேசத் தெரியாத தந்தையும் அம்மாவைத் தேடும் கன்றும் ஒருவரோடு ஒருவர் பழகிக்கொண்ட காலத்தை, 2006-இல் வந்த 'பேம்பி 2' எடுத்துக்கொண்டது. பிரையன் பிமென்டல் இயக்கிய அந்தப் படத்தின் கையால் வரைந்த அனிமேஷனில் பெரும்பகுதி சிட்னியில் இருந்த டிஸ்னிடூன் ஸ்டுடியோவில் உருவானது. தந்தைக்குக் குரல் பாட்ரிக் ஸ்டூவர்ட்.

இப்படிப்பட்ட கதையை வரைய உட்காருபவர்கள் முகபாவத்திலிருந்துதான் தொடங்குவார்கள். தொடங்க வேண்டிய இடம் கால். தந்தைக்கும் மகனுக்கும் நடுவே எவ்வளவு தூரம், அது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதை நடையே சொல்லிவிடும். அதைக் கணக்குப் போட்டு வரைவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். எடுத்துக்கொள்ளும் காட்சி இது: பனித்தரை, முன்னால் தந்தை, பின்னால் கன்று, பக்கவாட்டுப் பார்வை, நான்கு வினாடி. வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மொத்தம் 96 ஃப்ரேம்.

முதலில் அளவு

காகிதத்தில் வரைபவர்கள் 12 ஃபீல்டு தாளை (அனிமேஷன் வரையப் பயன்படும் ஒரு தாள் அளவு) எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் ஏறக்குறைய 30 செ.மீ. கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் போன்ற இலவச மென்பொருளில் 1920 பிக்சல் அகலத்தில் வரைந்தால் 1 செ.மீ. என்பதை 64 பிக்சலாக வைத்துக்கொள்ளலாம்.

தந்தை மான்: தோள்மூட்டிலிருந்து தரை வரை 60 மி.மீ., தோளிலிருந்து இடுப்பு வரை 72 மி.மீ., தலையின் நீளம் 30 மி.மீ. கன்று: கால் 30 மி.மீ., தலை 20 மி.மீ. நிஜக் கன்றின் தலை அதன் காலோடு ஒப்பிட்டால் இவ்வளவு பெரிதாக இருக்காது. திரையில் குழந்தைத்தனம் தெரிய இந்த மிகை தேவை. 72 என்ற எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

வரையும்முன் எலும்புக்கூட்டைப் புரிந்துகொள்ளுங்கள். மான் விரல் நுனியில் நிற்கும் விலங்கு. முன்காலில் முழங்கால் போலத் தெரிவது உண்மையில் மணிக்கட்டு. பின்காலில் பின்னோக்கி முட்டிக்கொண்டு நிற்பது குதிகால். முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. முன்காலை உயர்த்தும்போது மணிக்கட்டு முன்னே வரும், குளம்பு பின்னே மடங்கும். 'மான் நடக்கிறது, ஆனால் ஏதோ பொம்மை போல் இருக்கிறது' என்று தோன்றினால் பெரும்பாலும் தவறு இந்த இரண்டு மூட்டுகளில்தான் இருக்கும்.

இந்தக் கதையில் வருவது வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான். கிண்டி தேசியப் பூங்காவில் உட்கார்ந்து புள்ளிமானை வரைந்து பழகலாம், நடை ஒன்றேதான். ஆனால் மூன்று விஷயங்களை அங்கிருந்து எடுத்துவராதீர்கள். புள்ளிமானுக்கு ஆயுள் முழுக்கப் புள்ளி உண்டு. வெள்ளைவால் மானில் கன்றுக்கு மட்டுமே, அதுவும் சில மாதங்களில் மறைந்துவிடும். கொம்பின் வடிவம் வேறு. மிரண்டால் வாலைக் கொடிபோல் தூக்கி அடிப்பக்க வெள்ளையைக் காட்டுவது வெள்ளைவால் மானின் அடையாளம். (நிஜத்தில் முதல் பனிக்காலத்துக்குள் கன்றின் புள்ளி போய்விடும். படத்தில் பனியிலும் புள்ளியோடு வைப்பது வயதை ஒரு பார்வையில் காட்டத்தான். அதில் தவறில்லை.)

தந்தையின் நடை: 32 ஃப்ரேம்

மான் நடக்கும்போது நான்கு குளம்பும் நான்கு தனித்தனி நேரத்தில் தரையைத் தொடும். வரிசை: இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால். நான்கு காலும் ஒருமுறை விழுந்து முடிவது ஒரு சுழற்சி. 32 ஃப்ரேம் சுழற்சியில் இவை முறையே 1, 9, 17, 25 ஆகிய ஃப்ரேம்களில் விழட்டும். ஒவ்வொரு காலும் 20 ஃப்ரேம் தரையில், 12 ஃப்ரேம் காற்றில்.

உடல் ஃப்ரேமுக்கு 3 மி.மீ. முன்னேறுகிறது. ஆக ஒரு சுழற்சியில் 96 மி.மீ. தரையில் ஊன்றிய கால், உடலைப் பொறுத்தவரை, 20 × 3 = 60 மி.மீ. பின்னே போகும்: தோளுக்கு (பின்காலென்றால் இடுப்புக்கு) 30 மி.மீ. முன்னே விழுந்து, 30 மி.மீ. பின்னே இருக்கும்போது எழும்.

இப்போது அந்த 72. இட முன்கால் 29-ஆம் ஃப்ரேமில் எழுகிறது. நான்கு ஃப்ரேம் கழித்து, 33-இல், இடப் பின்கால் விழுகிறது. அதற்குள் உடல் 12 மி.மீ. நகர்ந்திருக்கும். கூட்டிப் பார்த்தால் (30 + 30 + 12) பின்குளம்பு சரியாக முன்குளம்பு விட்டுப்போன குழியிலேயே விழும். நிதானமாக நடக்கும் மானின் தடம் பெரும்பாலும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். உடலை 80 மி.மீ. ஆக்கினால் பின்கால் 8 மி.மீ. பின்தங்கும், பனியில் இரட்டைக் குழி விழும். வேறு அளவு வேண்டுமென்றால் எல்லா எண்ணையும் ஒரே விகிதத்தில் மாற்றுங்கள்.

முதுகு நேர்கோடாகப் போகக்கூடாது. முன்கால் செங்குத்தாக நிற்கும் 3, 19 ஆகிய ஃப்ரேம்களில் தோள் உச்சத்தில் இருக்கும். அப்போது இடுப்பு தாழ்ந்திருக்கும். 11, 27 ஆகிய ஃப்ரேம்களில் நேர்மாறு. ஏற்ற இறக்கம் 2 மி.மீ. போதும். மானுக்குக் காறை எலும்பு இல்லை, தோள்பட்டை எலும்பு தசையில் தொங்குகிறது; அதனால் எடை விழும்போது அது தோலுக்கடியில் மேலே நகர்வதைக் காட்டலாம். அந்த ஒரு கோடுதான் பாரத்தைக் காட்டும். குளம்பை 8 மி.மீ.க்கு மேல் தூக்காதீர்கள், ஆழமான பனியென்றால் 12. அதற்கு மேல் போனால் அணிவகுப்புக் குதிரையாகிவிடும்.

கன்று ஏன் பின்தங்குகிறது?

ஊசல்போல் ஆடும் கால் எவ்வளவு நீளமோ, அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஆட்டத்தின் நேரம் அமையும். கன்றின் கால் தந்தையின் காலில் பாதி. ஆகவே இயல்பாக நடந்தால் அதன் சுழற்சி 16 ஃப்ரேம் ஆகாது, 32-ஐ 0.71-ஆல் பெருக்க வரும் 23 ஃப்ரேம்தான். ஆனால் ஒரு சுழற்சியில் அது கடக்கும் தூரம் தந்தையினதில் பாதிதான், 48 மி.மீ. அந்த 23 ஃப்ரேமில் தந்தை 69 மி.மீ. போய்விட்டிருப்பார். ஒவ்வொரு சுழற்சிக்கும் 21 மி.மீ. இடைவெளி விழுகிறது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகும் குழந்தை நாலடி நடந்து நாலடி ஓடுவதும் இதே கணக்கால்தான்.

இதைக் கவனிக்காமல் கன்றுக்கு 16 ஃப்ரேம் சுழற்சி கொடுத்துத் தந்தையோடு ஒட்டவைப்பதுதான் பரவலான தவறு. தூரக் கணக்கு சரியாக வரும், 16-க்கு 48 மி.மீ. ஆனால் இரண்டு சுழற்சியும் 32-ஆவது ஃப்ரேமில் ஒன்றாகக் கூடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் கண் மூன்றாவது முறை அதைப் பிடித்துவிடும். கன்று உயிர்ப்பே இல்லாமல் தந்தையின் உடம்பில் பொருத்திய சக்கரம் போலாகிவிடும்.

எனவே தந்தைக்குச் சுழற்சியைத் திரும்பப் பயன்படுத்துங்கள், மூன்று முறை போட்டால் 96 ஃப்ரேம் முடிந்தது. அவர் மாறாத நடைக்காரர், அது அவர் குணத்துக்கும் பொருந்தும். கன்றை மட்டும் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு படமாக வரிசையாக வரையுங்கள். இப்படிப் பிரிக்கலாம்:

1 முதல் 46 வரை: இரண்டு இயல்பான நடைச் சுழற்சி. கன்று 96 மி.மீ. போகும், தந்தை 138. நடுவில் 42 மி.மீ. இடைவெளி.

47 முதல் 94 வரை: குறுநடை ஓட்டம். 12 ஃப்ரேமுக்கு 48 மி.மீ. என்று நான்கு சுழற்சி. கன்று 192 மி.மீ., தந்தை 144. இடைவெளி மூடி, மேலே 6 மி.மீ. மிஞ்சும்.

அந்த 6 மி.மீ.தான் இந்தக் காட்சியின் பரிசு. கன்று தொடக்கத்தில் நின்ற தூரத்தைவிடச் சற்று நெருங்கி, மூக்கு தந்தையின் பின்தொடையில் இடிக்கும். 95, 96-இல் அதை உறையவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போகலாம். இடிபட வேண்டுமென்றால் முதல் ஃப்ரேமில் மூக்குக்கும் தொடைக்கும் நடுவே 6 மி.மீ. மட்டும் விடுங்கள்.

ஓட்டத்தில் கால்கள் குறுக்கு ஜோடியாக விழும்: இடப் பின்காலும் வல முன்காலும் ஒன்றாக, அடுத்து மற்ற ஜோடி. 12 ஃப்ரேம் சுழற்சியில் ஒவ்வொரு ஜோடிக்கும் 5 ஃப்ரேம் தரை, இடையில் 1 ஃப்ரேம் நான்கு காலும் காற்றில். நடையில் கால் செங்குத்தாக இருக்கும்போது உடல் உயரும். ஓட்டத்தில் அதே நிலையில் உடல் தாழும், ஏனென்றால் கால் வில்போல் அமுங்குகிறது. இதைத் தலைகீழாக வரைந்தால் கன்று நொண்டுவது போலிருக்கும்.

சறுக்கும் கால்

கேமரா தந்தையோடு நகரும் ஷாட்டில், பின்னணி ஃப்ரேமுக்கு 3 மி.மீ. பின்னே ஓடும். அப்போது ஒரு விதி: தரையில் ஊன்றிய குளம்பு யாருடையதாக இருந்தாலும், திரையில் ஃப்ரேமுக்கு 3 மி.மீ. மட்டுமே பின்வாங்க வேண்டும். கன்று எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதன் உடல்தான் திரையில் முன்னேறும். குளம்பு பனியோடு சேர்ந்தே போகும். கன்றுக்குத் தனியாக ஓட்டச் சுழற்சி வரைந்து, அந்த லேயரை (கன்று மட்டும் இருக்கும் பட அடுக்கை) மொத்தமாக முன்னே இழுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இழுக்கும் வேகத்தையும் சுழற்சியின் வேகத்தையும் கூட்டிக் கழித்துப் பார்க்காததால் குளம்பு ஐஸ்மேல் வழுக்குகிறது. தாளின் அடியில் 3 மி.மீ. இடைவெளியில் கோடு போட்ட அளவுகோல் ஒன்றை ஒட்டிவைத்து, ஊன்றிய குளம்பை ஒவ்வொரு படத்திலும் ஒரு கோடு நகர்த்துங்கள்.

இன்னொன்று. செலவு மிச்சம் என்று விலங்கை இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படமாக வரைந்து, பின்னணியை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர்த்தினால் கால் ஒவ்வொரு இரண்டாவது ஃப்ரேமிலும் துடிக்கும். கேமரா நகரும் ஷாட்டுகளில் ஃப்ரேமுக்கு ஒரு படம் வரைந்தே ஆக வேண்டும். அது கட்டுப்படியாகாவிட்டால் கேமராவை நிறுத்திவிட்டு மான்களைத் திரையின் குறுக்கே நடக்கவிடுங்கள். அங்கே இரண்டுக்கு ஒன்று தாராளமாகப் போதும்.

தந்தையின் குழியில் கால் வைப்பது

இந்தக் கதையை வரையும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: கன்று அப்பாவின் குளம்படிக் குழியிலேயே கால் வைத்து நடக்க வேண்டும். அழகான எண்ணம். ஆனால் நடந்து அது முடியாது. தந்தையின் தடம் இடம், வலம், இடம் என்று 48 மி.மீ.க்கு ஒன்றாக விழுகிறது. கன்று நடந்தால் அதன் தடம் 24 மி.மீ.க்கு ஒன்று. பாதிக் கால்கள் குழிக்கு வெளியேதான் விழும். ஆகவே இதற்கென்று தனி ஷாட் வைத்து, அதில் கன்று குதிக்க வேண்டும், குழிக்குக் குழி, நான்கு காலையும் சேர்த்து.

ஒரு குதிக்கு 16 ஃப்ரேம் கொடுத்தால் தந்தையின் வேகத்துக்குச் சரியாக இருக்கும். 4 ஃப்ரேம் பதுங்கல், 8 காற்றில், 4 இறங்கி அமுங்கல். காற்றில் 8 ஃப்ரேம் என்பது மூன்றில் ஒரு வினாடி. புவியீர்ப்புக்கு அந்த நேரத்தில் எழும் உயரம் ஏறக்குறைய 13.6 செ.மீ. நம் அளவில் காகிதத்தின் 1 செ.மீ. நிஜத்தில் 12 செ.மீ. போல வருவதால், உடல் 11 மி.மீ. எழ வேண்டும். உச்சியிலிருந்து இறங்கும் நான்கு படங்களுக்கும் இறக்கம் 0.7, 2.8, 6.2, 11 மி.மீ. ஏறும்போது இதே எண்கள் தலைகீழாக. சம இடைவெளியில் இடைப்படங்களைப் போட்டால் கன்று நூல்கட்டி இழுத்த மாதிரித் தெரியும்.

மூன்று குதியும் ஒன்றுபோல் இருக்க வேண்டாம். இரண்டாவதில் பின்காலில் ஒன்று குழியின் விளிம்பைத் தட்டட்டும். பனி உதிரட்டும். கன்று பார்ப்பது தந்தையை அல்ல, குழியை. ஆகவே தலை தாழ்ந்தே இருக்கும். இது அடுத்து வரும் நிற்றலுக்கு உதவும்.

கொம்பு

1942-இன் 'பேம்பி'யை எடுத்தவர்களையே திணறடித்தது தந்தையின் கொம்புதான். கடைசியில் கொம்பின் பிளாஸ்டர் வார்ப்பு ஒன்றைப் பல கோணங்களில் படமெடுத்து, அந்தப் படங்களின் மீது கோடு போட்டுத்தான் சமாளித்தார்கள். நீங்களும் ஊகித்து வரையாதீர்கள். 3 மி.மீ. அலுமினியக் கம்பியில் நடுத்தண்டை வளையுங்கள். மெல்லிய கம்பியில் கிளைகளைச் சுற்றிக் கட்டுங்கள். வெள்ளைவால் மானில் தண்டு வெளியே விரிந்து முன்னோக்கி வளையும், அதிலிருந்து கிளைகள் ஒவ்வொன்றாக மேலே எழும். கிளை மறுபடி இரண்டாகப் பிரியாது. இடக்கொம்புக்குச் சிவப்பு, வலக்கொம்புக்கு நீலம் பூசிவிட்டால் தலை திரும்பும்போது எது முன்னே, எது பின்னே என்று குழம்பாது. சுழலும் தட்டில் வைத்து 10 பாகைக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாதிரி செய்து அச்செடுப்பதும் இதே வேலையைச் செய்யும்.

கொம்பு மண்டையோட்டோடு ஒட்டிய எலும்பு. தலை திரும்பினால் அதே ஃப்ரேமில் அதுவும் திரும்ப வேண்டும். காதும் வாலும் பின்தங்கி அசைவதைப் பார்த்துப் பழகிய கை, கொம்புக்கும் ஒரு தாமதம் கொடுத்துவிடும். கொடுத்தால் ரப்பர் கொம்பாகிவிடும்.

கன்றின் புள்ளிகளுக்கும் இதே கண்டிப்பு தேவை. நிஜக் கன்றுக்கு ஏறக்குறைய முந்நூறு புள்ளிகள் இருக்கலாம். நீங்கள் பக்கத்துக்குப் பதினைந்துக்குள் நிறுத்திக்கொண்டு, முதுகெலும்பை ஒட்டி ஒரு வரிசை, விலாவில் சிதறலாகச் சில என்று எண் போட்ட வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். தோள், கடைசி விலா, இடுப்பு ஆகிய மூன்றையும் அடையாளமாகப் பிடித்துக்கொண்டால் புள்ளிகள் ஊர்ந்து போகாது.

காது

தந்தை திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். அவர் கல்நெஞ்சக்காரரா, அக்கறையைக் காட்டத் தெரியாதவரா என்பதைப் பார்ப்பவருக்கு எப்படிச் சொல்வது? மானின் காது இரண்டும் தனித்தனியாகச் சுழலும். முகம் முன்னே நேராக இருக்க, கன்று இருக்கும் பக்கத்துக் காதின் குழிவு மட்டும் பின்னே திரும்பியிருக்கட்டும். கன்று 42 மி.மீ. பின்தங்கும் அந்த 46 ஃப்ரேமில், 30-ஐ ஒட்டி இந்தக் காது திரும்பத் தொடங்க வேண்டும். 6 ஃப்ரேமில் முடிய வேண்டும். கன்று நெருங்கியதும் மெல்ல முன்னே வரும், அதற்கு 10 ஃப்ரேம். நடையில் ஒரு மாற்றமும் வேண்டாம்.

கவனம்: காது நிமிர்ந்தபடியே திரும்ப வேண்டும். இரண்டு காதும் கழுத்தோடு படிந்துவிட்டால் மான் மொழியில் அது மிரட்டல்.

நிற்பதும் குனிவதும்

தந்தை நிற்க அரைச் சுழற்சியும் கொஞ்சமும், 20 முதல் 24 ஃப்ரேம் கொடுங்கள். கன்று குழியைப் பார்த்துக்கொண்டு வருவதால் உடனே கவனிக்காது. தந்தை நின்று 6 ஃப்ரேம் கழித்துத்தான் அதன் தலை நிமிரும், அதற்குள் இடித்திருக்கும். இடித்த அதிர்ச்சி தந்தையின் உடலில் 1 மி.மீ. கூட வரக்கூடாது, வால் மட்டும் ஒருமுறை அசையலாம். எடை வித்தியாசம் அப்படி.

பிறகு தந்தை திரும்புகிறார். முதலில் காது, இரண்டு ஃப்ரேம் கழித்துக் கண், அதன்பின் 14 ஃப்ரேமில் தலை, நடுவே ஒரு கண்சிமிட்டல். கன்றின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவர இன்னும் 24 ஃப்ரேம். கழுத்து கீழே வரும்போது உடல் 4 மி.மீ. பின்னே சாய வேண்டும், இல்லையென்றால் மூக்குப்பட விழுவது போலிருக்கும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆண்மான் நேராகத் தலை குனிந்தால் கொம்பின் முனைகள் எதிரில் இருப்பவரைக் குறிவைக்கும். சண்டைக்கு நிற்கும் நிலையே அதுதான். கனிவான தருணம் என்று நீங்கள் வரைந்தது, திரையில் கன்றைக் குத்த வருவதாகத் தெரியும். குனியும்போதே தலையை முக்கால் பக்கமாகத் திருப்பி, முனைகள் கன்றின் முதுகுக்கு மேலே காற்றில் போகும்படி வையுங்கள். கம்பி மாதிரியைக் கையில் பிடித்து, கன்றின் படத்துக்குமேல் அந்தக் கோணத்தைத் தேடுங்கள். பொதுவாக 35 முதல் 45 பாகைக்குள் கிடைத்துவிடும். தொடுவது மூக்கா, கன்னமா என்பதை அந்தக் கோணமே முடிவு செய்யும். பெரும்பாலும் கன்னம்தான் எட்டும்.

பென்சில் டெஸ்ட்டை, அதாவது பென்சில் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும் சோதனையை, ஒலியில்லாமல் ஓட்டுங்கள். பின் கன்றின் லேயரை மறைத்துத் தந்தையை மட்டும் ஓட்டுங்கள். காது திரும்பும் இடத்தில், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தெரிய வேண்டும்.